இடதுகால் ஆமைகள்

எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் மாதனூரில் பஸ் ஏறி வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம் என்று வரிசையாகத் தூங்கிக்கொண்டே போக வேண்டும். ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் மேல்மருவத்தூர் போன வேனில் மகாபலிபுரத்தில் இறங்கி, காலை நனைத்து, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பியவர்கள்தான். அப்படிப்பட்ட ஊருக்கு விரிகுடா மீட்பு இயக்ககம் வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், அதன் இயக்குநர் நந்தகோபாலுக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது. வேர்க்குரு வந்துவிடும்.

ஏலகிரிக் காற்று ஒத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மலையேறிவிட வசதியாக, ஆம்பூர் பைபாஸ் ஓரமாகவே இயக்ககத்துக்கு மாடிக் கட்டடம் பிடித்தார்கள். அறைக்கு அறை ஏசி மாட்டினார்கள். வாசலில் பெரிய இரும்பு நங்கூரம் வைத்து நீலப் பெயின்ட் அடித்தார்கள். எல்லாம் தயாரான பிறகுதான், மீட்பதற்கு ஒரு விரிகுடா வேண்டுமே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது.

தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அறிவியல் ஆலோசகர் முனைவர் கார்முகிலனிடம் போனது. அவர் முதலில் விரிகுடாவுக்கு இலக்கணம் வகுத்தார். மூன்று பக்கம் நிலம், ஒரு பக்கம் திறப்பு, நடுவில் உப்பு நீர். இந்த மூன்றும் பொருந்துகிற இடம் எங்கள் ஊருக்குப் பின்னால் பாலாற்றில் இருந்தது. மணல் அள்ளி அள்ளிப் பிறை வடிவத்தில் குழி விழுந்திருக்கும். தோல் பதனிடும் இடங்களிலிருந்து வருகிற கழிவு அதில் வந்து தேங்கும். தோலுக்குப் போடும் உப்பும் குரோமியமும் சேர்ந்து ஒரு மாதிரி பச்சை கலந்த நீலமாக இருக்கும். எருமைகூட அந்தப் பக்கம் திரும்பாது.

கார்முகிலன் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு ஜீப்பிலேயே உட்கார்ந்து, டிரைவரை அனுப்பித் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். சோதித்துப் பார்த்ததில் உப்பு கடலைவிட ஜாஸ்தி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாடையால் என்று டிரைவர் சொன்னான். மகிழ்ச்சியால் என்று இயக்ககம் சொன்னது.

திறப்பு விழாவில் இயக்குநர் நந்தகோபால் பேசினார்.

“இங்கே கடல் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். கடல் இருந்தால்தான் விரிகுடா இருக்கும் என்பது பழைய காலத்துச் சிந்தனை. நாம் முதல் கட்டத்தில் விரிகுடாவைக் கொண்டுவந்துவிட்டோம். கடல் இரண்டாம் கட்டத்தில் வரும். இந்த நீரின் நிறத்தைப் பாருங்கள். இந்தியாவின் எந்தக் கடற்கரையிலாவது இந்த நீலம் உண்டா?”

இல்லைதான். கூட்டம் கைதட்டியது. வந்திருந்தவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் சொல்லியிருந்தார்கள்.

இந்த விழா நடந்த வாரம்தான் கலையரசி கேனை எடுத்துக்கொண்டு அலைய ஆரம்பித்தாள்.

கலையரசி ஷூ கம்பெனியில் ஸ்டிட்சிங் லைனில் வேலை செய்கிறவள். அவள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும். சோப்புப் போட்டால் நுரைக்குப் பதிலாக அழுக்குதான் திரளும். அவளுடைய சின்ன மகள் தமிழினிக்கு இடுப்பு வலி வந்து ஆம்பூரில் காட்டியபோது, சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, இந்தத் தண்ணியை இனிமேல் குடுக்காதீங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு எந்தத் தண்ணியைக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து கலையரசி கம்பெனி ஃபில்ட்டரில் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து, டிபன் பைக்குள் துணி சுற்றி, கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தெருவில் வேலைக்குப் போகிற எல்லாப் பெண்களும் அப்படித்தான். பஸ் வளைவில் திரும்பினால் உள்ளே களக் களக்கென்று சத்தம் கேட்கும். ஒரு நாள் கேட்டில் செக்யூரிட்டி பிடித்துவிட்டான். தோல் துண்டு திருடினால் என்ன சட்டமோ அதே சட்டம்தான் தண்ணீருக்கும் என்றார்கள். பாட்டில் நின்றுபோனது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு போய் மனு கொடுத்தாள். உப்புத் தண்ணீர் சம்பந்தப்பட்டது என்பதால் மனு விரிகுடா மீட்பு இயக்ககத்துக்குப் போனது. இவளும் கேனோடு பின்னாலேயே போனாள்.

நந்தகோபால் அவளை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, முதலில் வாழ்த்துச் சொன்னார்.

“வாழ்த்து இன்னாத்துக்கு சார்?”

“நீங்கள் இப்போது கடலோரவாசி அம்மா. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”

“எனுக்கு அதெல்லாம் வாணாம் சார். தெருவுக்கு ஒரு நல்ல தண்ணி கொழா போட்டுக் குடுங்க. கொழந்த குடிக்க முடியல.”

கார்முகிலன் கேனிலிருந்து துளி எடுத்துக் கருவியில் விட்டார். முகம் மலர்ந்தது.

“இதில் குறையே இல்லை. கடல்நீர் அளவுகோலின்படி இது மிகவும் சுத்தமான நீர்.”

“கெணத்துத் தண்ணி சார் இது.”

“கடலோரத்தில் கிணறு உப்பாகத்தான் இருக்கும். அது இயற்கை. சொல்லப்போனால், உங்கள் கிணற்றில் உப்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறது. விரிகுடா மக்களுக்கு உரிய அளவு இன்னும் வரவில்லை. கவலைப்படாதீர்கள், வந்துவிடும்.”

“வந்துடுமா?”

“நாங்கள் இருக்கிறோம் அல்லவா?”

கலையரசி கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். பஸ் ஸ்டாப்பில் பக்கத்து வீட்டு சம்பூர்ணம் நின்றிருந்தாள்.

“இன்னாடி சொன்னாங்க?”

“நம்ம கெணத்துக்கு உப்பு பத்தலியாங்கா.”

சம்பூர்ணம் கேனை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, “அவுனுங்க வூட்டுச் சோத்துல போட்டுக்கச் சொல்லு” என்றாள்.

இயக்ககம் வேலையை நிறுத்தவில்லை. குழியின் கரையில் உயிர்காப்பாளர் கோபுரம் நட்டார்கள். அதில் ஏறிய பையன் வாடை தாங்காமல் மயங்கி விழுந்து, அவன் உயிரை ஊர்க்காரர்கள் காப்பாற்றினார்கள். அலையாத்திக் கன்றுகளை லாரியில் கொண்டுவந்து நட்டார்கள். அவை ராத்திரியோடு கருகின. அடுத்த முறை பிளாஸ்டிக்கில் நட்டார்கள். அவை நன்றாகப் பிடித்துக்கொண்டன. தோல் பதனிடுகிறவர்கள் கழிவைத் திறந்துவிடும்போதெல்லாம் குழியில் மட்டம் உயரும். லீவு நாளிலும் மழை நாளிலும்தான் திறப்பார்கள், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று. கார்முகிலன் இதைப் பல வாரம் ஆராய்ந்து ஒரு கட்டுரை வாசித்தார். உலகமெங்கும் கடல் பொங்கும் ஓதம் நிலவைப் பார்த்து வருகிறது, மாதனூர் விரிகுடாவில் மட்டும் அது ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வருகிறது, இது இயற்கையின் தன்னிகரற்ற புதிர் என்று முடித்தார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

இப்படி இருக்கும்போது டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. மீட்கப்பட்ட விரிகுடாவில் என்னென்ன உயிரினங்கள் திரும்பி வந்திருக்கின்றன என்று அவர்கள் நேரில் பார்க்க வேண்டுமாம். திரும்பி வந்தது கொசு மட்டும்தான். அதுவும் முன்பே இருந்தது.

கடலில் வாழும் பங்குனி ஆமையை விடலாம் என்றார் கார்முகிலன். மீன் விட்டால் செத்து மல்லாந்து மிதக்கும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆமை என்றால் செத்தாலும் இருந்தாலும் பார்வைக்கு ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. ஆனால் உயிருள்ள ஆமையை எந்தக் கடற்கரையும் இவர்களை நம்பித் தருவதாக இல்லை. நந்தகோபால் யோசித்தார். யோசித்து ஷூ கம்பெனிக்குப் போன் போட்டார். சுற்றுச்சூழலுக்குத் தோல் தொழிலின் பங்களிப்பு என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

கலையரசி இருந்த லைனுக்குத்தான் ஆர்டர் வந்தது. நந்தகோபாலே நேரில் வந்து, மெஷின்களுக்கு நடுவில் நின்று பேசினார். “எங்களுக்கு மாதிரி ஆமைகள் வேண்டும். கண்காட்சிக்காக. கொஞ்சம் உயிரோடு இருப்பதுபோல வர வேண்டும்.”

கலையரசி மெஷினை நிறுத்தினாள்.

“தெச்சித் தர்றோம் சார். எங்க தெருவுக்குக் கொழா?”

“ஆமை நீந்திய மறுநாள் குழாய் வரும்.”

“மெய்யாலுமா?”

“நான் இயக்குநர் அம்மா.”

கலையரசி அதை உறுதிமொழி என்று எடுத்துக்கொண்டாள். படிக்காத தப்பு என்று சொல்ல முடியாது, பத்தாவது வரை படித்தவள்தான்.

ஷூ கம்பெனியில் எதைத் தைத்தாலும் கடைசியில் லாஸ்ட் மேல் இழுத்து வைத்து வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் இருக்கும் அச்சு. ஆமை ஓட்டுக்கும் அந்த அச்சைத்தான் எடுத்தார்கள், வேறு அச்சு கம்பெனியில் கிடையாது. உள்ளே ஷூவுக்கு வைக்கும் ஸ்பாஞ்ச் அடைத்தார்கள். மேலே ஆட்டுத்தோலில் கட்டம் கட்டமாகத் தையல். முன்பக்கம் தலை, நாலு துடுப்பு. நன்றாகத்தான் வந்தது. ஆனால் காலில் இடது வலது உண்டு, ஆமையில் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. பாதி ஆமை இடது பக்கம் வளைந்தது, பாதி ஆமை வலது பக்கம் வளைந்தது.

தரம் பார்க்கும் சூப்பர்வைசர் சுகரா பேகத்திடம் கொண்டுபோனபோது அவர் ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

“இன்னாமா இது? எல்லாம் லெஃப்ட்டா தெச்சி வெச்சிருக்கே இந்த ட்ரேயில? இதோட ஜோடி எங்கே?”

“ஆமை மேடம். ஜோடி வேணுமா?”

“இருவத்தஞ்சு வருசமா நான் ஒத்தைய பாஸ் பண்ணதே இல்ல. அல்லா மேல ஆணையா இனிமேலும் பண்ணமாட்டேன். ரைட் கொண்டா.”

ஜோடி சேர்த்தார்கள். ஷூவைக் கட்டுவதுபோலவே இடதையும் வலதையும் நூலால் முடிந்து, வயிற்றில் சைஸ் நம்பர் குத்தி, அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். இயக்கக ஊழியர்கள் பெட்டியைத் திறந்து அப்படியே குழியில் கொட்டினார்கள். நூலை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவிழ்க்க வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டுமே.

டெல்லிக் குழு வந்தது. வாடை காரணமாகத் தொலைவில் பந்தல் போட்டு, பைனாகுலர் கொடுத்திருந்தார்கள். நீலத் தண்ணீரில் ஆமைகள் ஜோடி ஜோடியாக மிதந்தன. காற்றடித்தால் இடது ஆமை இடது பக்கம் வட்டமடிக்கப் பார்க்கும். வலது ஆமை வலது பக்கம் இழுக்கும். நூல் இரண்டையும் விடாது. நம்ம ஊர்ப் புருசன் பொண்டாட்டி மாதிரியே இருக்கு என்று சம்பூர்ணம் சொன்னாள்.

குழுத் தலைவர் பைனாகுலரை இறக்கவே இல்லை. “எப்போதும் இணையாகவே போகின்றனவே?”

அப்போது ஒரு சாதாரண ஆள் பயந்திருப்பான். கார்முகிலன் முனைவர்.

“ஐயா கவனித்துவிட்டீர்கள். இது உலகில் வேறெங்கும் இல்லாத இனம். இதில் இடவளை ஆமை என்றும் வலவளை ஆமை என்றும் இரு பால். ஓர் இடவளை ஆமை வாழ்நாளில் ஒரே ஒரு வலவளை ஆமையோடுதான் சேரும். அளவிலும் இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்திருக்கும். இப்படி ஒழுக்கமான ஓர் உயிரினத்தை நம் பண்பாடு அல்லாமல் வேறெந்தப் பண்பாடு தந்திருக்க முடியும்?”

குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அன்றைக்கே அந்த இடம் ஆமைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகாமல் கலையரசி இயக்ககத்துக்குப் போனாள்.

“சார், ஆமை நீந்திடுச்சி.”

“பார்த்தேன் அம்மா. பெருமையாக இருந்தது.”

“கொழா?”

நந்தகோபால் பெருமூச்சு விட்டார். “குழாய் போட வேண்டுமென்றால் பள்ளம் தோண்ட வேண்டும். சரணாலயத்தின் அருகில் பள்ளம் தோண்டினால் ஆமைகளின் மனநிலை பாதிக்கும். சட்டம் அனுமதிக்காது. சரணாலயமாக இல்லாவிட்டால் போட்டிருக்கலாம்.”

“அந்த ஆமைங்கள நாங்க தெச்சிக் குடுத்ததாலதான சார் சரணாலயம்?”

“அந்த உழைப்பை இயக்ககம் மறக்காது.”

கலையரசி வீட்டுக்கு வந்து தமிழினிக்குக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். காய்ச்சினாலும் உப்பு உப்புதான். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளியது.

சித்திரை வெயில் வந்தது. ஆட்டுத்தோல் எத்தனை நாள் தாங்கும்? ஓடுகள் வெடித்தன, துடுப்புகள் சுருண்டன. ஆமைகளுக்குத் தோல் நோய் என்று கார்முகிலன் அறிக்கை விட்டார். இந்த உப்பு நீர் எந்த உயிருக்கும் ஆகாது என்று முதன்முதலாக அவரே சொன்னார். உயிர் என்று அவர் சொன்னது ஆமையை. உடனே அவசர நிதி வந்தது. குழிக்கரையில், சரியாகக் கலையரசி தெரு முனையில், பெரிய கறுப்பு டேங்க் வைத்தார்கள். தினமும் காலையில் ஏலகிரி அடிவாரத்திலிருந்து நல்ல தண்ணீர் லாரி வந்து நிரப்பும். அதை ஹோஸ் பைப்பில் ஆமைகள் மேல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சுவதற்கு ஆமைக் காவலர் என்று ஒரு பதவி. வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வாந்தியெடுத்துவிட்டு ஓடிப்போனார்கள். டேங்க் நிரம்பி நிரம்பிக் கரையில் வழிந்தது.

லாரி டிரைவர் தபரேஸ் மாதனூர்க்காரன். வழிகிற தண்ணீரைக் குனிந்து கையில் ஏந்திக்கொண்டிருந்த கலையரசியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“யக்கா, நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வர நேரமாவும். பைப்பு லூசாக்கீது, சொல்லிட்டேன்.”

தெருவே குடத்தோடு வந்தது. ஊரில் அன்றைக்குத்தான் பருப்பு வெந்தது. தமிழினி சொம்பு நிறையக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள். இது சில வாரம் நடந்தது. பிறகு, ஆமைகள் இவ்வளவு குடிக்கின்றனவே, இனம் பெருகிவிட்டதோ என்று கணக்கெடுக்க வந்த இயக்கக ஜீப், கலையரசி குடம் பிடித்துக்கொண்டிருந்தபோது டேங்க் அருகில் வந்து நின்றது.

வனவிலங்கின் குடிநீரைத் திருடிய குற்றம். விசாரணை இயக்கக மாநாட்டு அறையில் நடந்தது. கார்முகிலன் நடு நாற்காலி. நந்தகோபால் பக்கத்து நாற்காலி. தெருப் பெண்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நெருக்கியடித்து நின்றார்கள்.

“ஆமையின் தண்ணீரைக் குடித்தீர்களா?”

“குடிச்சேன் சார். அது ஆமையே இல்ல. ஆட்டுத்தோலு. நாந்தான் தெச்சேன். வவுத்துல சைஸ் நம்பர் கீது, புரட்டிப் பாருங்க.”

கார்முகிலன் நாற்காலியில் நிமிர்ந்தார். “பாதுகாக்கப்பட்ட உயிரினத்தின் வயிற்றில் நம்பர் குத்தினீர்களா?”

“அய்யோ சார்! இவருதான் ஆர்டர் குடுத்தாரு. மாதிரி ஆமைன்னு இவரே சொன்னாரு. கேளுங்க!”

எல்லாரும் நந்தகோபாலைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“உண்மைதான். மாதிரி ஆமைகளாகத்தான் தொடங்கப்பட்டன. சரணாலய அறிவிப்புக்குப் பிறகு அவை அசல் ஆமைகளாகத் தரம் உயர்த்தப்பட்டுவிட்டன.”

“தோலு எப்பிடி சார் ஆமையாவும்?”

“நடுநிலைப்பள்ளி எப்படி உயர்நிலைப்பள்ளி ஆகிறது? அப்படித்தான்.”

கதவுக்கு வெளியே சம்பூர்ணம் தலையில் அடித்துக்கொண்டது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

“எங்கொழந்தைக்குக் கல்லு சார்” என்றாள் கலையரசி. “அதுக்குத்தான் எடுத்தேன். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல.”

“குழந்தைகளுக்கென்று வேறு துறை இருக்கிறது” என்றார் கார்முகிலன். இரண்டு பேரும் குனிந்து குசுகுசுவென்று பேசினார்கள். சிறைக்கு அனுப்பினால் பேப்பரில் வரும். பேப்பரில் வந்தால் ஆமையைப் புரட்டிப் பார்க்க யாராவது வருவார்கள். தவிர, ஆமைக் காவலர் பதவிக்கு இனி இந்த மாவட்டத்தில் ஆள் கிடைக்காது. கார்முகிலன் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

“இயக்ககம் கருணை உள்ளது. எந்த உயிருக்குத் துரோகம் செய்தீர்களோ அந்த உயிருக்கே நீங்கள் பணிவிடை செய்ய வேண்டும். டேங்க் சாவி இனி உங்களிடம் இருக்கும். தினமும் ஆமைகளுக்கு உங்கள் கையாலேயே நீர் வார்க்க வேண்டும். அவை குடித்தது போக மீதியை ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாது. நீரை வீணாக்குவது தனிக் குற்றம்.”

கலையரசி சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எதுவரைக்கும் சார் இது?”

“தண்டனைக் காலத்தில் சலுகை கிடையாது. மாதனூர் விரிகுடாவை இந்த இயக்ககம் முழுமையாக மீட்டு முடிக்கும் வரை.”

“இன்னொரு தபா சொல்லுங்க சார். வெளிய கேக்கல.”

கார்முகிலன் கதவைத் திறக்கச் சொல்லி, குரலை உயர்த்தி, மறுபடியும் சொன்னார். “இயக்ககம் விரிகுடாவை மீட்டு முடிக்கும் வரை!”

கலையரசி சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

“யக்கா, கேட்டுக்கினீங்களா? நம்ம பேரப்புள்ளைங்களுக்குப் பேரப்புள்ள பொறக்கற வரைக்கும் இனிமே தண்ணிக்குப் பேஜார் இல்ல.”

நந்தகோபால் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு, எழுந்து நின்று கைகூப்பினார்.